பஸ் இலவசம், அப்புறம் எதற்கு சைக்கிள்?

"பொம்பளைங்களுக்குத்தான் பஸ் ஃப்ரீ ஆச்சே. அப்புறம் எதுக்கு மேடம் இந்த வெயில்ல மிதிச்சுக்கிட்டு வர்றீங்க?"

நான் சைக்கிளில் போக ஆரம்பித்த முதல் வாரமே அலுவலக வாசலில் செக்யூரிட்டி அண்ணன் கேட்டது இது. நியாயமான கேள்விதான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் காசு கிடையாது. வீட்டில் ஒரு ஸ்கூட்டியும் இருக்கிறது. "உடம்புக்கு நல்லதுண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அது பாதிப் பொய். உடம்புக்காக ஆரம்பித்த எதையும் நான் மூன்று வாரத்துக்கு மேல் செய்ததில்லை. யோகா செய்ய வாங்கிய பாய் பீரோவுக்குப் பின்னால் சுருண்டு கிடக்கிறது. சைக்கிள் மட்டும் 2022-இலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் காரணம் வேறாகத்தான் இருக்க வேண்டும். அது எனக்கே புரியக் கொஞ்ச நாள் ஆனது.

சென்னையில் வீடு ஆதம்பாக்கம், வேலை பெருங்குடியில். வேளச்சேரி விஜயநகர் வழியாகத் தரமணி லிங்க் ரோடு பிடித்து ஓ.எம்.ஆர்., அதாவது பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போனால் ஒன்பது கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸில் போனால் நிறுத்தத்துக்கு நடை, காத்திருப்பு, விஜயநகரில் இறங்கி இன்னொரு பஸ் அல்லது ஷேர் ஆட்டோ. எல்லாம் கூடி வந்தால் ஐம்பது நிமிடம், கூடி வராவிட்டால் ஒன்றரை மணி நேரம். ஸ்கூட்டியில் அரை மணியிலும் போயிருக்கிறேன். மெட்ரோ வேலைக்காக ஓ.எம்.ஆரில் தடுப்பு வைத்து சாலையைக் குறுக்கிய பிறகு, அதே ஸ்கூட்டியில் ஒரு மணி நேரமும் நின்றிருக்கிறேன். சைக்கிளில்? ஒரு மாதம் போனில் குறித்து வைத்துப் பார்த்தேன். மிகக் குறைவு 37 நிமிடம், மிக அதிகம் 43.

இதுதான் விஷயம். சைக்கிள் வேகமானது இல்லை, ஆனால் வார்த்தை மாறாது. டியூஷனிலிருந்து மகனை ஆறரைக்குக் கூட்டிவர வேண்டும். பஸ்ஸில் போன நாட்களில் ஐந்தேமுக்காலிலிருந்தே வயிற்றில் ஒரு கலக்கம் ஆரம்பித்துவிடும். சைக்கிள் வந்த பிறகு மாமியாரிடம் "ஆறு இருபதுக்கு வந்துடுவேன் அத்தை" என்று சொல்கிறேன், வந்துவிடுகிறேன். வேளச்சேரியில் வண்டிகள் மூச்சு முட்டி நிற்கிறபோது இறங்கித் தள்ளிக்கொண்டாவது போய்விடலாம். இந்த நிம்மதிக்கு நான் எவ்வளவு வேண்டுமானாலும் மிதிப்பேன்.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். அம்மா ஆலங்குடி பக்கம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்ததோடு பெண்களுக்கு சைக்கிளும் பழக்கினார்கள். ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். ஒரு லட்சத்துக்கும் மேலான பெண்கள் பழகினார்கள், கல்குவாரியில் வேலை செய்தவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று. லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு. அதனால் அம்மா பழகியது பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. அப்புறம் அந்த பாரில்தான் என்னை உட்கார வைத்து ஓட்டுவாள். அதுவே வசதி என்பாள், பிள்ளை கண்ணுக்கு முன்னால் இருக்குமாம். "எங்க ஊருக்குக் காலையில ஒரு பஸ்ஸு, சாயந்தரம் ஒரு பஸ்ஸு. அதை விட்டா ஆரு கூட்டிட்டுப் போவா? அந்தக் காத்துக் கெடக்குறது போச்சு பாப்பா, அதுதான்" என்றாள். முப்பது வருடம் கழித்து, நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓடுகிற ஊரில் இருந்துகொண்டு நானும் அதையேதான் சொல்கிறேன்.

பணம் மிச்சம் என்று நிறையப் பேர் சொல்வார்கள். என் கணக்கைச் சொல்கிறேன். ஸ்கூட்டி லிட்டருக்கு 40 கிலோமீட்டர் கொடுக்கிறது, பெட்ரோல் 100 ரூபாய் சொச்சம். போக வர 18 கிலோமீட்டருக்கு 45 ரூபாய் ஆகும். மாதத்தில் பதினைந்து நாள் சைக்கிள் என்றால் 675 ரூபாய் மிச்சம். ஆனால் ஒன்பது கிலோமீட்டர் மிதித்துவிட்டு வந்தவளுக்குப் பத்தரை மணிக்கு ஒரு பசி எடுக்கும் பாருங்கள், இரண்டு போண்டாவும் ஒரு டீயும் இல்லாமல் அடங்காது. கணக்கு டாலி. எடை குறையாததற்கும் அந்த போண்டாதான் காரணம். பணத்துக்காகவோ எடைக்காகவோ மட்டும் ஆரம்பிப்பதாக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

சைக்கிள் வாங்குவதில் நான் செய்த தவறு எல்லோரும் செய்வதுதான். 2020 ஊரடங்கில் ஆர்வத்தில் வாங்கி, பால்கனியில் துணி காயப்போடப் பயன்பட்ட சைக்கிள்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நிறையக் கிடந்தன. அதில் ஒன்றை 6,000 ரூபாய்க்கு வாங்கினேன். தடித் தடியாக டயர், முன்னாலும் நடுவிலும் ஷாக் அப்சார்பர், இருபத்தொரு கியர். பார்க்க கம்பீரம். மிதித்தால் பாதி பலம் அந்த ஸ்ப்ரிங்கை அமுக்குவதிலேயே போய்விடும். கேரியர் மாட்ட இடமில்லை, மட்கார்டு இல்லை, மழை பெய்தால் முதுகில் கோடு போட்ட மாதிரி சேறு. சென்னையில் மேடு என்றால் மேம்பாலம்தான். அதையும் நான் கீழேயே சுற்றிப் போய்விடுவேன். இருபத்தொரு கியரில் இரண்டைத்தான் தொட்டிருப்பேன். ஆறு மாதத்தில் அதை விற்றுவிட்டு, கியர் இல்லாத, பார் தாழ்ந்த, கேரியரும் மட்கார்டும் செயின் கவரும் உள்ள சாதாரண சைக்கிள் ஒன்றுக்கு மாறினேன். பால்காரர் சைக்கிள் மாதிரி இருக்கிறது என்றான் மகன். பால்காரருக்குத் தெரியாததா?

அடுத்தது சீட் உயரம். இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு மாத முழங்கால் வலி மிச்சமாகியிருக்கும். நமக்கெல்லாம் சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும் என்ற பழக்கம். அப்படித் தாழ்த்தி வைத்தால் மிதிக்கும்போது முழங்கால் மடங்கியே இருக்கும். நான் மூட்டுத் தேய்மானம் என்றே முடிவுகட்டி தைலம் வாங்கிவிட்டேன். பஞ்சர் ஒட்டப் போன இடத்தில் தாத்தா ஒருவர் நான் ஏறுவதைப் பார்த்துவிட்டு, "எறங்கும்மா" என்றார். ஸ்பேனரை எடுத்து சீட்டை மூன்று விரல்கடை தூக்கினார். "இப்ப ஏறி, குதிகாலை பெடல் மேல வச்சு அடி வரைக்கும் அமுக்கு. கால் நேரா நீளுதா? அப்ப சரி. ஓட்டும்போது முன்பாதத்துல மிதி." நிற்கும்போது நுனிக்கால்தான் தரையில் படும், ஒரு வாரம் பயமாக இருந்தது. வலி பத்து நாளில் போன இடம் தெரியவில்லை. தைலத்தை இப்போது மாமியார் தடவுகிறார்.

எல்லோரும் கேட்கிற வியர்வைக்கு வருகிறேன். ஓட்டும்போது காற்று படுவதால் வியர்வை தெரியாது. நிறுத்தின பிறகுதான் ஊற்றும், பத்து நிமிடம் நிற்காது. அதனால் வந்த உடனே உடை மாற்றினால் புது உடையும் நனையும். கடைசி ஒரு கிலோமீட்டரை உருட்டுகிற மாதிரி மெதுவாக ஓட்டி, கால்மணி நேரம் முன்னதாகப் போய், ஃபேனுக்கு அடியில் சும்மா உட்கார்ந்து, ஆறின பிறகு ஈரத்துண்டால் துடைத்து குர்தா மாற்றுகிறேன். ஈரிழைத் துண்டு நல்லது, மேஜைக்கு அடியில் போட்டாலே மதியத்துக்குள் காய்ந்துவிடும். பையை முதுகில் மாட்டாதீர்கள், கேரியரில் கட்டுங்கள். பாதி வியர்வை அந்தப் பையால்தான். துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிட்டேன். செயினில் ஒரு முறை சிக்கி, கழுத்து இழுபட்டது போதும். மாதத்தில் இரண்டு நாள் சைக்கிளைத் தொடுவதில்லை, அன்றைக்கு பஸ். அதில் எனக்கு எந்த வீராப்பும் கிடையாது.

வெயிலைப் பற்றிப் பயந்த அளவுக்கு இல்லை, காரணம் காற்று. இது சைக்கிள் ஓட்டியதால் மட்டுமே எனக்குத் தெரிந்த விஷயம். கோடையில் சென்னையில் காலைக் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது, மதியத்துக்கு மேல் கடல் காற்று கிழக்கிலிருந்து ஏறுகிறது. நான் காலையில் கிழக்கே போகிறேன், மாலையில் மேற்கே திரும்புகிறேன். இரண்டு வேளையும் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளிவிடுகிற மாதிரி இருக்கும். தரமணியில் திரும்பும்போது அந்தக் கை வந்து படுவது துல்லியமாகத் தெரியும். கடல் காற்று தாமதமாகிற சில மே மாத நாட்கள் மட்டும் கொடுமை, அன்று மோர் பாட்டில் இல்லாமல் கிளம்பக் கூடாது. ஐப்பசி பிறந்து காற்று வடகிழக்குக்கு மாறியதும் தலைகீழ், காலையில் எதிர்காற்று. முன்னால் சொன்ன 43 நிமிடம் அப்படி எதிர்காற்று அடித்த நாளின் கணக்கு. ஆதம்பாக்கத்தில் உள்ளவளுக்குக் கிடைக்கிற இந்த அதிர்ஷ்டம் திருவான்மியூரிலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போகிறவருக்கு இல்லை, பாவம்.

சாலையில் ஓட்டுவதற்கு வருவோம். சென்னையில் மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கென்று 2014-இலேயே ஒரு கொள்கை ஏற்கப்பட்டது, நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முதலிடம் என்று. கொள்கை நல்ல கொள்கை. சாலையில் நம் இடத்தை நாம்தான் பிடிக்க வேண்டும். ஆரம்பத்தில் நான் இடது ஓரத்தை உரசிக்கொண்டே போவேன், அதுதான் பத்திரம் என்று நினைத்து. உண்மையில் ஓரம்தான் ஆபத்து. மணல் அங்கேதான் சேரும், ராங் ரூட்டில் வருகிற பைக் அங்கேதான் எதிரே வரும், நிற்கிற காரின் கதவு அங்கேதான் திறக்கும். ஓரத்திலிருந்து ஒரு கை நீளம் தள்ளி, நேர்கோட்டில், வளையாமல் ஓட்டினால் பின்னால் வருகிறவருக்கு நம்மை எப்படித் தாண்டுவது என்று தெரியும்.

இதைக் கற்றுக்கொண்டது விழுந்து எழுந்துதான். 2023 ஜூலை, மாலை, தூறல் நின்ற நேரம். பின்னால் ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்தது. பதறிப்போய் சட்டென்று இடது பக்கம் ஒடித்தேன். அங்கே மழைநீர் வடிகால் மேல் இரும்புக் கம்பிச் சட்டம். கம்பிகள் குறுக்கே இருந்திருந்தால் பிரச்சினை இல்லை, அவை சாலை போகிற திசையிலேயே நீளவாக்கில் இருந்தன. முன் சக்கரம் இரண்டு கம்பிக்கு நடுவில் இறங்கி நின்றது. நான் நிற்கவில்லை. இடது மணிக்கட்டில் மயிரிழை விரிசல், நான்கு வாரம் மாவுக்கட்டு. இளநீர்க் கடைக்காரர்தான் தூக்கிவிட்டு, சைக்கிளைத் தன் வண்டியோடு சங்கிலி போட்டுக் கட்டி மறுநாள் வரை வைத்திருந்தார், காசு வாங்கவில்லை.

கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த நான்கு வாரமும் அந்த ஹாரனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஹாரன் அடிக்கிறவர் நம்மைப் பார்த்துவிட்டார். பயப்பட வேண்டியது அடிக்காமல் வருகிறவருக்கு. இப்போதெல்லாம் எத்தனை நீளமாக அடித்தாலும் நேராகவே போகிறேன், இடம் வந்ததும் திரும்பிப் பார்த்து, கை காட்டி ஒதுங்குகிறேன். நிறுத்தத்தில் நிற்கிற பஸ்ஸுக்கு இடது பக்கமாக நுழைவதே இல்லை. ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் இரண்டு ஆள் இடைவெளி விடுகிறேன், அது எங்கே நிற்கும் என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, தலைக்கு ஹெல்மெட். சாலை தெரியாத அளவுக்குத் தண்ணீர் நின்றால் இறங்கித் தள்ளுவதும் இல்லை, திரும்பிவிடுகிறேன். எந்த மூடி திறந்திருக்கிறது என்று தண்ணீருக்கு மேலிருந்து யாருக்கும் தெரியாது.

பஞ்சர் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை முடியாது. வழியில் இருக்கிற பஞ்சர் கடைகளில் பாதிப் பேர் "சைக்கிளா? இல்லம்மா" என்று கையை விரித்துவிடுவார்கள். சீட்டைத் தூக்கிக் கொடுத்த அந்தத் தாத்தாதான் எனக்கு. அவர் ஒட்டுவதை நின்று பார்ப்பது ஒரு பாடம். டயரைப் பிரித்து, ட்யூபைக் காற்றடித்து, தண்ணீர்ச் சட்டியில் அமுக்கி அமுக்கி நகர்த்துவார். குட்டிக் குட்டியாக முட்டை விட்டதும் அந்த இடத்தில் குச்சியைக் குத்தி அடையாளம் வைப்பார். தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி ஊதிக் காயவைத்து ஒட்டியதோடு மற்றவர்கள் முடித்துவிடுவார்கள். இவர் அப்புறம் டயரின் உட்பக்கத்தை விரலால் ஒரு முழுச் சுற்று தடவிக்கொண்டே வருவார், கண்ணை மூடிக்கொண்டு. ஒரு இடத்தில் விரல் நிற்கும். கொறடால் பிடுங்கினால் தலைமுடி மொத்தத்தில் ஒரு கம்பி. லாரி டயர் தேய்ந்து உதிர்கிற கம்பி அது. "இதை எடுக்காம ஒட்டி என்ன பிரயோஜனம்? நாளைக்கே திரும்ப வந்து நிப்ப." எனக்கு அதற்கு முன் ஒரே வாரத்தில் மூன்று முறை அதே சக்கரம் இறங்கியிருந்தது. இப்போது நானே தடவிப் பார்க்கிறேன், கண்ணைத் திறந்துகொண்டுதான். அப்புறம் காற்று. பஞ்சரே ஆகாவிட்டாலும் ட்யூபில் காற்று கசிந்துகொண்டேதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தோறும் கைப்பம்பால் அடித்து வைத்தால் வாரம் முழுக்க சைக்கிள் பாதி எடை குறைந்த மாதிரி ஓடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு ஸ்கூட்டிக்கு மெக்கானிக் கிடைக்கவே எட்டு நாள் ஆனது. தெருவே அவருக்காக வரிசையில் நின்றது. சைக்கிளைக் குழாயடியில் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, சாலை வெளியே தெரிந்த அன்றைக்கே ஓட்டினேன். பால், மெழுகுவர்த்தி, பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மாத்திரை எல்லாம் அதில்தான் வந்தன. பெருமை பத்து நாள்தான். சக்கரத்துக்குள் கரகரவென்று மாவு அரைக்கிற சத்தம். தாத்தாவிடம் கொண்டுபோனால் திட்டு. வெள்ளத்தில் நின்ற சைக்கிளை ஓவராயில் பண்ணாமல், அதாவது பிரித்துக் கழுவிப் புது கிரீஸ் வைக்காமல், ஓட்டலாமா? சக்கர அச்சைச் சுற்றி உருளுகிற இரும்புக் குண்டுகளான பால்ஸில் இருந்த கிரீஸ் எல்லாம் தண்ணீரில் போய்விட்டதாம். பின் சக்கரத்துக்கு அந்தக் குண்டுகளைத் தாங்குகிற கோனும் பால்ஸும் புதிதாகப் போட வேண்டியதாயிற்று.

அலுவலகத்தில் சைக்கிள் நிறுத்த முதலில் இடம் கிடைக்கவில்லை. பார்க்கிங் டோக்கன் பைக்குக்கும் காருக்கும் மட்டும்தானாம். மூன்று மின்னஞ்சலுக்குப் பிறகு ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் அங்கே ஏற்கெனவே ஆறு சைக்கிள் நின்றது. ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருவருடையது, கேன்டீன் பையன்களுடையவை, தோட்டக்காரருடையது, அப்புறம் செக்யூரிட்டி அண்ணனுடையது. பள்ளிக்கரணையிலிருந்து வருகிறார், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். எனக்கு வெட்கமாகப் போனது. அவர் கேட்ட கேள்விக்கு அப்போதுதான் அர்த்தம் புரிந்தது. "எங்கிட்ட ஸ்கூட்டி இருந்தா நான் இதைத் தொடுவனா மேடம்?" என்று பின்னால் ஒரு நாள் அவரே சொன்னார்.

ஜூன் 5, சுற்றுச்சூழல் தினத்துக்கு என்னைச் சைக்கிளோடு நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். அவர்களையும் கூப்பிடுங்கள் என்றேன், ஆறு பேரும் வந்து நின்றார்கள். அச்சான அலுவலக இதழில் என் படம் மட்டும் வெட்டி எடுக்கப்பட்டு, பூமியைக் காக்கும் பெண் என்று தலைப்போடு வந்தது. நான் காத்தது டியூஷன் நேரத்தை. பூமியைக் காப்பதாக இருந்தால் வருடக்கணக்காக அந்த ஆறு பேரும்தான் காத்துவருகிறார்கள், யாரும் கேட்கவில்லை.

பெண்கள் விஷயமாகவும் ஒன்று தோன்றுகிறது. என் தங்கைக்குப் பிளஸ் ஒன்னில் அரசாங்க சைக்கிள் கிடைத்தது. அவள் வகுப்பில் எல்லோரும் ஓட்டினார்கள், பள்ளிக்கூட வாசலில் நூறு சைக்கிள் நிற்கும். அதில் இன்றைக்கு ஓட்டுகிறவர் ஒருவர்கூட இல்லை. பிளஸ் டூ முடிந்ததும் சைக்கிள் அப்பாவுக்கோ தம்பிக்கோ போய்விட்டது, அப்புறம் கல்யாணம், அப்புறம் ஸ்கூட்டி அல்லது யாருடைய வண்டியிலாவது பின்சீட். ஓட்டத் தெரியாமல் இல்லை, மறக்கவும் இல்லை. "இந்த வயசுல சைக்கிளா" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம்தான். கேட்பார்கள். என் தெருவில் நான்கு மாதம் கேட்டார்கள். அதற்குள் அவர்களுக்கே அலுத்துவிட்டது.

போன மாதம் என் பிரிவில் ஒரு பெண், மடிப்பாக்கத்திலிருந்து வருகிறவள், தானும் ஆரம்பிக்கலாமா என்று கேட்டாள். சைக்கிளை முதலில் வாங்காதே என்றேன். யாரிடமாவது இரவல் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அலுவலகம் வரை ஒரு முறை வந்து திரும்பிப் பார். எந்தத் திருப்பம் பயமாக இருக்கிறது, எங்கே நாய், எங்கே டீக்கடை என்று தெரிந்துவிடும். அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள் போதும். கூகுள் காட்டுகிற பெரிய சாலைதான் வழி என்றில்லை, உள்தெருக்களில் ஒரு கிலோமீட்டர் சுற்றிப் போனாலும் மனசு லேசாக இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மழை வந்தா என்னக்கா பண்ணுவீங்க?" என்றாள்.

நனைவேன், வேறென்ன. மாற்று உடை பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கிறது. நாளைக்கு மழை இருக்கும் என்கிறார்கள். பின் மட்கார்டு போல்ட் ஒன்று கழன்று இரண்டு நாளாக டயரில் உரசிக்கொண்டிருக்கிறது, தூங்குவதற்குள் கீழே போய் முறுக்கிவிட்டு வர வேண்டும்.